ஆளில்லாத வண்டி

பதினேழாம் வண்டியில் யாரோ குழாயைத் திறந்தார்கள். அது குரூஸ் இல்லை, பிலோமினாவும் இல்லை. அந்த வண்டியில் அவர்கள் இருவரைத் தவிர வேறு ஆளே கிடையாது.

ஜெசிந்தா டீ டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுத் திரையை நெருங்கிப் பார்த்தாள். முன்வண்டியின் பம்ப் அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். தொடரில் இருந்த நாற்பது வண்டிகளின் குழாய் அழுத்தமும் அவள் முன்னால் நாற்பது கோடுகளாக ஓடிக்கொண்டிருந்தது. யாராவது குழாயைத் திறந்தால் அந்த வண்டியின் கோடு குழியும். மூடினால் துள்ளி எழும். குழிகிற விதம் ஆளுக்கு ஆள் வேறு. குரூஸ் ஒரே திருகில் முழுசாகத் திறந்து அதே வேகத்தில் மூடுகிறவன். பிலோமினா கொஞ்சம் திறந்து, பாத்திரத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் திறப்பாள். இந்தக் குழி இரண்டு மாதிரியும் இல்லை. தயங்கித் தயங்கி இறங்கியது. மூடும்போது முழுசாக மூட முடியாமல் சொட்டிக்கொண்டே இருந்து, இரண்டாவது முயற்சியில்தான் நின்றது. பலமில்லாத கை. எக்கி நின்று திருகுகிற கை.

இதற்கு ஜனங்கள் வைத்த பேர் தண்ணி ரேகை. மீட்டர் எவ்வளவு தண்ணீர் போனது என்று மட்டும்தான் சொல்லும். அழுத்தம், யார் எடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடும். புது ரேகை ஒன்று மூன்று தடவை ஒரே மாதிரி விழுந்தால், மெசின் அதைப் புது ஆள் என்று எடுத்துக்கொண்டு நீர்நிலையத்துக்குத் தானாகவே சொல்லிவிடும். இது முதல் தடவை.

கடல் ஏறித் தூத்துக்குடிக் கரையை விழுங்கிய பிறகு கரைக்காரர்களுக்கு நிலம் இல்லை. நிலம் இல்லாதவர்களுக்கு நீருரிமை இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அவர்கள் வண்டிகளில் குடியேறினார்கள். ஒரு நிலையத்தில் சில நாள் நின்று தண்ணீர் நிரப்பிக்கொண்டு அடுத்த நிலையத்துக்கு நகர வேண்டும். கரையை விட்டுப் புறப்பட்ட அன்று எத்தனை தலை இருந்ததோ, அத்தனை தலைக்குத்தான் தண்ணீர். ஒரு தலை செத்தால் ஒரு தலை பிறக்கலாம். அதற்கு ஒரு வரிசை இருந்தது. வரிசையை மீறிப் பிறந்த பிள்ளையை நிலையத்துக்காரர்கள் மேற்கே எங்கோ ஓர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எந்த ஊர் என்று தாய்க்குச் சொல்ல மாட்டார்கள். ஒளித்துவைத்தது தெரிந்தால் ஒளித்தவர்களின் தலை வெட்டப்படும், அதாவது அவர்களுடைய உரிமை போய்விடும். தொடர் முழுவதற்கும் ஒரு நிலையத்தின் தண்ணீரும் போய்விடும். அதனால் யாரும் வந்து சோதனை போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பக்கத்து வண்டிக்காரர்களே பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

வரிசையில் இப்போது முதலாவதாக நின்றவள் ஜெசிந்தாதான். நாலாம் மாதம். யாரும் சாகவில்லை. ஜெபமாலை உருட்டும்போதெல்லாம், யாராவது சாகட்டும் என்று மனசு கேட்டுவிடாதபடி தன்னையே அதட்டிக்கொண்டிருந்தாள்.

கருவிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

பதினேழாம் வண்டிக் கதவைத் தட்டியதும் பிலோமினா பாதி திறந்து எட்டிப் பார்த்தாள். ஜெசிந்தாவைவிட நாலைந்து வயது இளையவள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், மூத்தவள் போலத் தெரிந்தாள்.

"ரெகுலேட்டரப் பாக்கணும் பிலோமி. உங்க வண்டியில பிரஷர் துள்ளுது."

"எங்களுக்கு நல்லாத்தானக்கா வருது."

"உனக்கு வருது. எனக்குத்தான் திரையில வேற மாதிரி தெரியுது."

பிலோமினா வாசலை விட்டு நகரவில்லை. ஜெசிந்தா அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். குழாய் வைத்த சின்னத் தொட்டிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஈரமாக இரண்டு பாதங்களின் தடம். உள்ளங்கை அளவுதான் இருக்கும்.

"உள்ள வுடு," என்றாள் ஜெசிந்தா.

கதவைச் சாத்தியதும் பிலோமினா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன வயசு?"

"நாலு முடியப் போவுது."

"நாலு வருசமாவா? தண்ணி?"

"எங்க ரெண்டு பேரு பங்குலருந்து. நாந்தான் பிடிச்சுக் குடுப்பேன். அவளக் குழாய்கிட்டயே விட்டதில்ல. இன்னிக்குக் கொஞ்சம் அசந்துட்டேன். அவளா வாளியக் கவுத்துப் போட்டு..." பிலோமினாவின் முகத்தில் பயத்துக்கு நடுவே வேறு ஏதோ ஒன்று வந்து போனது. "அவளுக்கு எட்டிருச்சுக்கா."

ஜெசிந்தாவுக்கு அந்தப் பெருமையைப் பார்க்க முடியவில்லை. ரெகுலேட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இன்னும் ரெண்டு தடவ அவ கை பட்டா மெசின் நிலையத்துக்குச் சொல்லிரும். நான் நெனச்சாலும் நிறுத்த முடியாது."

"நீங்க ஏன் நிறுத்தணும்?" பிலோமினா நிமிர்ந்தாள். "வரிசையில நீங்கதான முதல்ல நிக்கிய? எங்களச் சொல்லிட்டியன்னா ரெண்டு தலை வெட்டுவாங்க. ஒன்னு உங்க பிள்ளைக்கு. நான் உங்க எடத்துல இருந்தா சொல்லிருவேன்."

"நான் நெனைக்கலன்னு நெனைக்கியா? முன்வண்டியிலருந்து நடந்து வாரதுக்குள்ள நாலு தடவ நெனச்சிட்டேன்."

பெட்டியின் மூடி நகர்ந்தது. உள்ளிருந்து ஒரு பெண்பிள்ளை தலையை நீட்டியது. வெயில் படாத வெளுப்பு. மெலிந்த கழுத்தில் கறுப்புக் கயிறு. ஜெசிந்தாவின் கையிலிருந்த ஸ்பேனரை ஆசையோடு பார்த்துவிட்டுக் கேட்டது. "நீங்கதான் தண்ணி அத்தையா?"

"யாரு சொன்னா?"

"அம்மா. தண்ணி அத்தை அனுப்பினாத்தான் தண்ணி வரும்னு."

அதன் பேர் மரிஸ்டெல்லா. கூப்பிடுவது ஸ்டெல்லா. ஜெசிந்தா அன்று யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் அவள் இரும்புக் குடுவை ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். குரூஸும் வீட்டில் இருந்தான். கரையில் இருந்தபோது படகு எஞ்சின் பார்த்தவன், இப்போது தொடருக்கு டயர் ஒட்டுகிறவன். குடுவையைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தான்.

"உள்ள ரப்பர் பை இருக்கு," என்றாள் ஜெசிந்தா. "மெயின் லைன்லருந்து வார தண்ணி முதல்ல இதுக்குள்ள போயி நிறையும். நீங்க குழாயத் திறந்தா இதுலருந்துதான் வரும். அதிர்வு எல்லாத்தையும் ரப்பர் வாங்கிக்கிடும். யாரு கை பட்டாலும் எனக்குத் திரையில நேர்கோடுதான்."

"அப்ப எங்க ரேகையும் தெரியாதே?"

"தெரியாது. மெசினப் பொறுத்தவரைக்கும் இந்த வண்டியில ஆளே இல்ல. அதனால உங்க ரெண்டு பேரோட பழைய ரேகைய நான் பம்ப் ரூம் போர்டுலருந்து கையால ஓட்டி விடுவேன். தினமும்."

"நீங்க என்னிக்காவது போர்டுல இல்லன்னா?"

"நான் எங்க போகப் போறேன்?"

குரூஸ் குடுவையைக் கட்டிலுக்கு அடியில், ஸ்டெல்லாவின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து அவனே முடுக்கினான். குழாயைத் திறந்து பார்த்தார்கள். முன்பு துப்பித் துப்பி வந்த தண்ணீர் இப்போது ஒரே சீராக, பட்டு நூல் போல இறங்கியது. ஸ்டெல்லா வாளி மேல் ஏறித் தானே ஒரு டம்ளர் பிடித்தாள். குடிக்காமல் ஜெசிந்தாவிடம் நீட்டினாள்.

அதற்குப் பிறகு நாட்கள் ஓடின. ஒவ்வொரு காலையும் ஜெசிந்தா பதினேழாம் வண்டியின் நேர்கோட்டின் மேல் குரூஸின் திருகலையும் பிலோமினாவின் தயக்கத்தையும் எடுத்து ஓட்டினாள். அந்த வண்டியை ரெகுலேட்டர் பார்க்கிற சாக்கில் அடிக்கடி எட்டிப் பார்த்தாள். ஸ்டெல்லா அவள் வயிற்றில் காதை வைத்து, உள்ளே இருப்பதற்கு எந்தப் பெட்டி என்று கேட்டாள்.

போர்டைக் கையால் ஓட்டுவதற்கான சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஜெசிந்தாவிடம் ஒன்று, அவள் கணவன் தொம்மையிடம் ஒன்று. தொம்மைதான் தொடரின் தலைவன். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. தண்ணீர் குறைந்த நாட்களில் தன் வண்டிக்குக் கடைசியாகத்தான் வால்வைத் திறப்பான். அவனைப் போல ஒருத்தன் கிடைத்தது தொடரின் அதிர்ஷ்டம் என்று கிழவிகள் சொல்வார்கள். ஜெசிந்தாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அடுத்த நிலையம் இராமநாதபுரத்துப் பக்கம் விழுந்தது. வேம்பாரைத் தாண்டியதும் உப்புவெளி. ஏறி வந்த கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன வெள்ளைத் தரை. அதைக் கடக்கும்போது மட்டும் வண்டிகளை ரயில் பெட்டிகள் போல ஒன்றோடொன்று கொக்கி மாட்டி இணைப்பார்கள். உப்புக்காற்று உள்ளே புகாதபடி கதவுகளை முன்வண்டியிலிருந்தே பூட்டிவிடுவார்கள். முன்வண்டிக்குப் பின்னால் வரும் டேங்கரிலிருந்து ஒரு ஹோஸ் எல்லா வண்டிகளின் வழியாகவும் வால் வரைக்கும் போகும். குடிக்க மட்டுமில்லை, கூரையை நனைப்பதற்கும் அந்தத் தண்ணீர்தான். கூரை நனையாவிட்டால் வண்டி அடுப்பாகிவிடும். ஆளில்லாத வண்டிக்கு மெசின் தானாகவே தண்ணீரை மூடிவிடும், வாலுக்கு அழுத்தம் கிடைக்கட்டும் என்று.

புறப்படுகிற அன்று விடியலில் ஜெசிந்தாவுக்கு இரத்தம் பட்டது. ஏழாம் மாதம். நர்ஸ் அவளை ஆஸ்பத்திரி வண்டியில் மல்லாத்திப் படுக்கவைத்து, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டாள். தொம்மை ஓடிவந்தான்.

"நான் போர்டுல இருக்கணும்," என்றாள் ஜெசிந்தா.

"நான் இருக்கேன். நீ படு."

"உங்களுக்குத் தெரியாது. பதினேழு..." நர்ஸ் வெளியே போகும்வரை காத்திருந்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். வாளியை, ஈரத் தடத்தை, குடுவையை, தினமும் ஓட்டுகிற பொய் ரேகையை. "இன்னிக்கும் கையால ஓட்டணும். ஓட்டலன்னா மெசின் அந்த வண்டிய மூடிரும்."

தொம்மை அவள் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டான்.

"என்கிட்ட முன்னமே சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க தலைவரு. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க சொல்லியாகணும்."

"நான் உன் புருசனும்தான்." அவன் அவள் நெற்றியைத் துடைத்தான். "சரி. நான் பாத்துக்கிடுதேன். நீ கண்ண மூடு."

அவள் கண்ணை மூடினாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக அந்தப் பாரம் அவளை விட்டு இறங்கியது.

நடுப்பகலில் தொடர் குலுங்கி நின்றது. கூரையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரின் சத்தம் தேய்ந்து, சொட்டாகி, அதுவும் நின்றது. நர்ஸ் கம்பியில்லாப் பெட்டியில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள், நடுவில் ஹோஸ் வெடித்துவிட்டதாம், ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார்களாம். ஆஸ்பத்திரி வண்டியின் சுவர் தொட முடியாதபடி சுட்டது. ஜெசிந்தா தன் வயிற்றின் மேல் ஈரத் துணியைப் பரப்பிக்கொண்டு, வெளியே உறுமுகிற காற்றைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். பிறகு வண்டிகள் மெல்ல நகர்ந்தன. வெகுநேரம் கழித்துக் கூரையில் மறுபடியும் சலசலப்பு கேட்டது. பிறகு அது பலமாயிற்று. பழைய அழுத்தம் வந்துவிட்டது என்று காதாலேயே தெரிந்துகொண்டு அவள் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

பொழுது சாயும்முன் உப்பைத் தாண்டினார்கள். ஒவ்வொரு கதவாகப் பூட்டு விடுபட்டது. ஜனங்கள் பாத்திரங்களோடு இறங்கினார்கள். பதினேழாம் வண்டியிலிருந்து யாரும் இறங்கவில்லை.

நர்ஸ் தடுத்தும் கேட்காமல் ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் போவதற்குள் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். உள்ளிருந்து வந்த சூட்டில் முன்னால் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குரூஸ் கதவோரமாகக் கிடந்தான். அவன் விரல் நகங்கள் கிழிந்திருந்தன. கதவின் ரப்பர் விளிம்பு கொஞ்சம் பிய்ந்திருந்தது, அவ்வளவுதான் முடிந்திருக்கிறது. பிலோமினா கட்டிலுக்கு அடியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். உடம்பில் உள்பாவாடை மட்டும்தான் இருந்தது. சேலை பெட்டிக்குள் இருந்தது, ஈரமாக, ஸ்டெல்லாவின் மேல் சுற்றி. குடுவையின் குழாயைக் குரூஸ் கழற்றிப் பெட்டிக்குள் விட்டிருந்தான். ரப்பர் பையில் கிடந்த தண்ணீர் முழுவதும் அந்த ஒரு பிள்ளைக்குப் போயிருந்தது. இரண்டு பெரியவர்களின் உதடும் வெடித்து, நாக்கு வீங்கி வெளியே தள்ளியிருந்தது. அவர்கள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது.

ஸ்டெல்லா உயிரோடு இருந்தாள்.

மறுநாள் காலை அடக்கம் முடிந்ததும் தொம்மை எல்லோரையும் கூட்டிப் பேசினான். அவன் குரல் உடைந்திருந்தது. ஹோஸ் வெடித்த பதற்றத்தில் போர்டு தானியங்கிக்கு மாறிவிட்டது, தான் டேங்கரில் இருந்ததால் கவனிக்கவில்லை, மெசின் ஆளில்லை என்று மூடிவிட்டது என்றான். "கதவுக்கு மேல மணி இருக்கு. அடிச்சிருந்தா ஓடி வந்திருப்போம். அடிக்கல. வந்தா பிள்ளையப் பாத்திருவோம்னு, அடிக்காமலே உயிர விட்டிருக்காங்க." கூட்டத்தில் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஒளித்துவைத்ததற்காகத் திட்ட வேண்டும் என்று வந்தவர்கள்கூட அழுதார்கள். "ரெண்டு தலை போயிருக்கு. ஒன்ன அந்தப் பிள்ளைக்கே குடுப்போம். நானும் ஜெசியும் வளக்குதோம். இன்னொன்னு வரிசைப்படி." யாரும் மறுத்துப் பேசவில்லை. வரிசைப்படி யார் என்பதை அவன் சொல்லவுமில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. நிலையத்துக்காரர்களுக்கு எண்ணிக்கை சரியாக இருந்தது. அவர்கள் வயதைக்கூடக் கேட்கவில்லை.

ஜெசிந்தாவுக்குத் தூக்கம் போயிற்று. தான் படுத்துவிட்டதால்தான் இரண்டு உயிர் போனது என்று நினைத்தாள். ஓரோர் சமயம் தொம்மை மேல் கோபம் வரும், ஒரு நிமிஷம் போர்டைப் பார்த்திருக்கக் கூடாதா என்று. அவன் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அந்தக் கோபம் போய்விடும்.

ஸ்டெல்லா பேசுவதில்லை. கொடுத்ததைத் தின்றாள். தண்ணீரை மட்டும் கேட்காமல் எடுக்க மாட்டாள், டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சில வாரம் கழித்து ஒரு நாள் காலையில் ஜெசிந்தா அவளுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது, கண்ணை மூடியபடியே திடீரென்று சொன்னாள்.

"அம்மா பொய் சொல்லிட்டாங்க."

ஜெசிந்தாவின் கையில் செம்பு அப்படியே நின்றது. "என்ன பொய் கண்ணு?"

"தண்ணி நின்னு போச்சுல்ல, அப்பா மணி அடிச்சாங்க. பச்ச லைட்டு எரிஞ்சுது. அம்மா சொன்னாங்க, கேட்டுட்டாங்க, இப்ப வந்திருவாங்க, நீ அழாதன்னு. யாருமே வரல. அப்பா திரும்பத் திரும்ப அடிச்சாங்க. அம்மா வாராங்க வாராங்கன்னு பொய் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

ஜெசிந்தா மீதித் தண்ணீரை ஊற்றி, தலையைத் துவட்டி, சட்டை போட்டுவிட்டாள். பச்சை விளக்கு தானாக எரியாது. பம்ப் அறையில் மணிச் சத்தம் கேட்டு, அங்கே இருப்பவர் பொத்தானை அழுத்தினால்தான் எரியும். அந்த மணிகளை நாற்பது வண்டியிலும் மாட்டிக் கொடுத்ததே அவள்தான்.

பம்ப் அறையில் தொம்மை மட்டும் இருந்தான். குனிந்து ஏதோ ஒரு வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பதினேழுல மணி அடிச்சாங்களா?"

அவன் திரும்பவில்லை. "யாரு சொன்னா?"

"பிள்ள சொல்லுது. பச்ச லைட்டு எரிஞ்சுதாம்."

துணியை மடித்து வைத்தான். "அடிச்சாங்க," என்றான்.

ஜெசிந்தா கதவைச் சாத்தினாள்.

"ஹோஸ ஒட்டிட்டு வந்து பாக்குதேன், வாலுக்கு ஏறவே இல்ல. முப்பதுக்குப் பின்னாடி ஒரு கூரையிலயும் சொட்டு இல்ல. அங்கன எத்தன கிழடு, எத்தன கைப்பிள்ளக்காரி? நடுவுல ஒரு வண்டிய மூடினாத்தான் பிரஷர் போகும். எத மூடச் சொல்லுத? எத மூடினாலும் மெசின்ல பதியும், ஆளுள்ள வண்டிய இவன் மூடினான்னு. ஆளே இல்லாத வண்டின்னு ஒன்னே ஒன்னுதான் இருந்துச்சு. ஓட்டிக்கிட்டு இருந்த ரேகைய நிறுத்தினேன். மெசினே மூடிருச்சு."

"அந்த வண்டிய ஆளில்லாம ஆக்கினது நான்."

"ஆமா," என்றான் அவன். குற்றம் சொல்கிற குரல் இல்லை. எப்போதும் பேசுகிற அதே குரல்.

"மணிக்கு எதுக்கு லைட்டு போட்டிய? போடாமலாவது இருந்திருக்கலாம்ல?"

"கேட்டுட்டாங்கன்னு தெரிஞ்சா பதறாம இருப்பாங்கன்னு நெனச்சேன். பதறினா இன்னும் கஷ்டம். நான் காதப் பொத்திக்கிட்டு உக்காரல ஜெசி. மணி நிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

வெளியே யாரோ வாளியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. ஜெசிந்தாவுக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரி வண்டியின் கூரையில் கேட்ட சலசலப்பு ஞாபகம் வந்தது. உயிர் வந்தது போல அது பலமானது. வெயில் இறங்குவதற்கு வெகுநேரம் முன்னால்.

"அப்புறம்தான் பிரஷர் வந்துருச்சே," என்றாள். "எனக்குக் கேட்டுச்சு. வாலுக்கும் ஏறிருக்கும். அப்பவாவது பதினேழத் திறந்திருக்கலாம்ல? மணி அப்பவும் அடிச்சிருக்கும்ல?"

தொம்மை அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தான்.

அவள் இரண்டு கையாலும் வயிற்றை மறைத்துக்கொண்டாள்.

"நிலையத்துல போய்ச் சொல்லணும்னா சொல்லு," என்றான் மெதுவாக. "நான் தடுக்க மாட்டேன். என்னயக் கொண்டு போவாங்க. அது பரவால்ல. தானாச் செத்த தலை இல்ல, அந்த ரெண்டும் செல்லாதும்பாங்க. ஸ்டெல்லாவ ஒரு வண்டி வந்து ஏத்தும். இத இன்னொரு வண்டி வந்து ஏத்தும். எந்த ஊருன்னு உன்கிட்டச் சொல்ல மாட்டாங்க." அவன் துணியை எடுத்து மறுபடியும் வால்வைத் துடைக்கத் தொடங்கினான். "யோசிச்சுச் சொல்லு. அவசரம் இல்ல."

அவள் எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. திரையில் நாற்பது கோடுகளும் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ அரிசி களைந்தார்கள். யாரோ முகம் கழுவினார்கள். பிறகு அவள் படியிறங்கித் தங்கள் வண்டிக்கு நடந்தாள்.

ஸ்டெல்லா ஈரத் தலையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போனீங்க அத்தை?"

"மாமாகிட்ட. அந்த லைட்டப் பத்திக் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

ஜெசிந்தா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்காரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அந்த லைட்டு ரிப்பேராம் கண்ணு. சில நேரம் தானா எரியுமாம். மணி யாருக்குமே கேக்கலியாம்."

ஸ்டெல்லா யோசித்தாள். புருவம் சுருங்கியது. "அப்ப அம்மா பொய் சொல்லலியா?"

"இல்ல. அம்மா லைட்டப் பாத்து நம்பிட்டாங்க. பொய் சொல்லல."

பிள்ளை நீளமாக மூச்சு விட்டது. எதையோ இத்தனை நாள் தூக்கிக்கொண்டிருந்து இறக்கிவைத்தது போல அதன் தோள் தளர்ந்தது. "பாவம் அம்மா," என்றது.

பம்ப் அறையிலிருந்து தொம்மை கையைத் துடைத்தபடி வந்துகொண்டிருந்தான். ஸ்டெல்லா அவனைப் பார்த்ததும் எழுந்தாள். இத்தனை நாளும் அவனைக் கண்டால் ஜெசிந்தாவின் பின்னால் ஒளிகிறவள், இன்று தானாகவே படியிறங்கி ஓடினாள். அவன் ஒரு கணம் தயங்கி நின்றான். படியில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் குனிந்து பிள்ளையைத் தூக்கித் தோள் மேல் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான்.

ஸ்டெல்லா சிரித்தாள். அவள் சிரிப்பை ஜெசிந்தா கேட்டது அதுதான் முதல் தடவை.